வீட்டுக் கணக்கு: இரண்டரை லட்ச ரூபாய் பழைய கார், ஐந்து வருடத்தில் ஆறு லட்சம் ஆவது எப்படி?

கோவை - சத்தியமங்கலம் சாலையும், அவிநாசி - மேட்டுப்பாளையம் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஊர் அன்னூர். நால்ரோட்டில் கால் மணி நேரம் நின்றால் போதும், தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் கார் வரலாறே கண்முன் ஓடிவிடும். வாழைத்தார் ஏற்றிய பழைய ஆம்னி, கல்யாணத்துக்குப் போகும் ஸ்விஃப்ட், பெயின்ட் வெளுத்தும் ஓட்டம் குறையாத 800, மில் முதலாளியின் இன்னோவா எனக் கலந்து கட்டி வரும். இவற்றில் எத்தனை கார், ஷோரூமிலிருந்து நேராக இந்த வீட்டுக்கு வந்தவை? எத்தனை கார், இரண்டாவது மூன்றாவது கையாக வந்தவை? வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது.

'புதுசு வாங்க ஏழு லட்சம் வேணும். அதே வண்டி பழசுல ரெண்டரைக்குக் கிடைக்குது. எதுக்குங்க புதுசு?' கொங்குப் பக்கம் சாதாரணமாகக் காதில் விழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால், அந்த ரெண்டரை என்பது காரின் விலை. அந்தக் கார் நம் வீட்டுக்கு ஆகும் செலவு வேறு, அது நமக்குத் தரும் மதிப்பு வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வாரக் கணக்கு.

பழைய கார் புதுசைவிட விலை போன காலம்

பழைய காருக்கு நிலையான மதிப்பு என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இந்தியாவில் கார் என்றால் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஆகியவைதான். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால், கைக்கு வந்த காரை உடனே விற்றாலே லாபம் பார்க்கலாம் என்ற நிலை இருந்தது. காத்திருக்க முடியாதவர்கள் பழைய காருக்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த கூடுதல் பணம் காருக்கானது அல்ல, காத்திருக்காமல் இருப்பதற்கானது.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அப்போது அதன் விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 1991-க்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்களும் வந்தன. புது கார் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கியதும் பழைய காரின் கிராக்கி இறங்கியது. 2014-இல் 800-இன் உற்பத்தி நின்றது. அதே வருடம் அம்பாசிடரும் நின்றது.

இதே விஷயத்தை அமெரிக்காவும் சமீபத்தில் பார்த்தது. கொரோனா காலத்தில் சிப் தட்டுப்பாட்டால் புது கார் வரத்து குறைந்தது. 2022 ஜனவரியில் அங்கே பழைய கார்களின் விலை, முந்தைய ஆண்டைவிட சுமார் 40 சதவிகிதம் கூடியிருந்தது. அதே கார், அதே இன்ஜின், ஒரு வயது கூடியிருக்கிறது. விலை மட்டும் ஏறியது.

ஆக, பழைய கார் விலை என்பது புது கார் விலையின் நிழல். புதுசு ஏறினால் பழசும் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு மேல் இருந்த செஸ் வரியும் நீங்கியது. நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி, டீசல் என்றால் 1,500 சி.சி-க்கு மிகாத இன்ஜினும் கொண்ட கார்களுக்கு இது பொருந்தும். நாம் பழசில் தேடும் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். எனவே, 'புதுசு ஏழே முக்கால் லட்சம் வருதுங்க, நான் நாலுக்குத் தர்றேன்' என்று யாராவது சொன்னால், அந்த ஏழே முக்கால் எப்போதைய விலை என்று கேளுங்கள். இன்றைய விலையை ஷோரூமில் விசாரித்துவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள்.

மாட்டுச் சந்தையில் இருக்கும் பாதுகாப்பு, கார் சந்தையில் உண்டா?

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கும் அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தைக்கும் போய் வந்த குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம். மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். கறவை மாடு என்றால் கண்ணெதிரே கறக்கச் சொல்லுவார். விலையைத் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசினாலும், மாடு வெட்டவெளியில்தான் நிற்கும்.

கார் விஷயத்தில் இது தலைகீழ். விலை கண்ணாடியில் பெரிதாக எழுதியிருக்கும். வண்டியின் உண்மை நிலைதான் துண்டுக்குள் இருக்கும். இன்ஜின் எப்போது பிரிக்கப்பட்டது, வண்டி எங்கே இடித்தது, மீட்டர் திருப்பப்பட்டதா என்பதெல்லாம் விற்பவருக்குத் தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது.

1970-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். எலுமிச்சைச் சந்தை என்பது அதன் தலைப்பின் பொருள். மோசமான காரை அமெரிக்காவில் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்பார்கள். அவர் சொன்ன கருத்து எளிது. நல்ல கார் எது, மோசமான கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லா காருக்கும் ஒரு நடுத்தர விலைதான் தருவார். நல்ல காரை வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, விற்காமல் வைத்துக்கொள்வார். மோசமான காரை வைத்திருப்பவருக்கு அது லாபம், ஓடி வந்து விற்பார். கடைசியில் சந்தையில் மோசமானதே மிஞ்சும். இந்தத் துறையில் செய்த ஆய்வுக்காக 2001-இல் அவர் மேலும் இருவருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

நம் ஊர்களில் இதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. தெரிந்தவர் காரை வாங்குவது. 'வாத்தியார் வண்டி', 'டாக்டர் வண்டி' என்று சொன்னால் விலை ஐந்து, பத்தாயிரம் கூடினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்தக் கூடுதல் பணம் காரின் வரலாறு தெரிந்ததற்கான விலை. ஆட்டோ கன்சல்டிங் வைத்திருப்பவர்களில் நாணயமானவர்கள் சம்பாதிப்பதும் இதை வைத்துத்தான். ஒரே ஊரில் இருபது வருடம் கடை நடத்துபவருக்குத் தன் பெயர் காரைவிடப் பெரிய முதல்.

கணக்கைப் போடுவோம்

பத்து வயதான ஒரு சிறிய பெட்ரோல் கார். விலை ரூ.2,50,000. அன்னூர் குடும்பம் ஒன்று அதை வாங்கி ஐந்து வருடம் வைத்திருக்கிறது. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டம். கோவைக்கு நான்கைந்து முறை போய்வருவது, ஒரு கோயில், இரண்டு விசேஷம் என்றால் இவ்வளவு வந்துவிடும். ஐந்து வருடத்தில் 30,000 கிலோமீட்டர். கீழே உள்ளவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட தோராயமான எண்கள். உங்கள் எண்களை அங்கே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கிய விலை: ரூ.2,50,000

வாங்கியதும் செய்யும் வேலை (டயர், பேட்டரி, பெல்ட், ஆயில், பிரேக்): ரூ.30,000

பெட்ரோல் (லிட்டருக்கு 15 கி.மீ, லிட்டர் 100 ரூபாய்): ரூ.2,00,000

இன்ஷூரன்ஸ் (வருடம் 7,000): ரூ.35,000

சர்வீஸ், ரிப்பேர் (வருடம் 15,000): ரூ.75,000

15 வருடம் முடியும்போது ஆர்.சி புதுப்பிப்பு, அதற்கான வேலைகள்: ரூ.10,000

அந்த இரண்டரை லட்சத்தை 7 சதவிகித வட்டியில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி: ரூ.87,500

கூட்டினால் ரூ.6,87,500. ஐந்து வருடம் கழித்து கார் 80,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்தால், நிகரச் செலவு ரூ.6,07,500. மாதத்துக்கு 10,125 ரூபாய். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் 25 காசு.

இந்த எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் ஊர் வாடகை கார்க்காரர் கிலோமீட்டருக்கு என்ன கேட்கிறார் என்று எழுதிப் பாருங்கள். வித்தியாசம் பலருக்கு வியப்பாக இருக்கும்.

அதே காரை மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால்? பெட்ரோல் 6 லட்சம் ஆகும். ரிப்பேரை வருடம் 25,000 என்று கூட்டி, விற்கும் விலையை 60,000 என்று குறைத்தாலும், கிலோமீட்டருக்கு சுமார் 12 ரூபாய்தான் வருகிறது. வாசலில் நிற்கும் கார்தான் விலை உயர்ந்த கார். ஓட ஓட அது மலிவாகும்.

இனி புது கார். ஆன்ரோடு ரூ.6,50,000. அதே 30,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 20 கி.மீ என்றால் பெட்ரோல் ரூ.1,50,000. மீதி வருட இன்ஷூரன்ஸ் ரூ.50,000. சர்வீஸ் ரூ.30,000. போட்ட பணத்துக்கான வட்டி ரூ.2,27,500. ஐந்து வருடத்தில் மூன்றரை லட்சத்துக்கு விற்றால், நிகரச் செலவு ரூ.7,57,500. மாதம் 12,625 ரூபாய்.

வாங்கும்போது இரண்டுக்கும் இடையே 4 லட்ச ரூபாய் வித்தியாசம் இருந்தது. ஐந்து வருட முடிவில் அது ஒன்றரை லட்சமாகச் சுருங்கிவிட்டது. பழசு இன்னமும் மலிவுதான். ஆனால், நாம் நினைத்த அளவுக்கு மலிவு இல்லை. நடுவில் ஒருமுறை இன்ஜின் வேலையோ, ஏசி கம்ப்ரஸரோ வந்துவிட்டால் அந்த ஒன்றரை லட்சத்திலும் பாதி போய்விடும்.

வீட்டுச் செலவில் கார் எவ்வளவு இடம் பிடிக்கிறது?

மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு (2022-23) படி, தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு ரூ.5,310. நகர்ப்புறத்தில் ரூ.7,630. கிராமப்புறக் கணக்கை நான்கு பேர் குடும்பத்துக்குப் போட்டால் மாதம் ரூ.21,240. சோறு, துணி, மருந்து, படிப்பு, போன் எல்லாம் இதற்குள்தான்.

நம் பழைய கார் மாதம் கேட்பது 10,125. அதாவது, சராசரிக் குடும்பம் மொத்தமாகச் செலவழிக்கும் தொகையில் கிட்டத்தட்ட பாதி. கார் வாங்கும் குடும்பம் சராசரியைவிடக் கொஞ்சம் வசதியானதாக இருக்கும்தான். ஆனாலும், 'ரெண்டரை லட்சம்தானே' என்று ஒற்றை வரியில் முடித்துவிடும் விஷயம் இது இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) படி இந்தியாவில் நூறு குடும்பங்களில் சுமார் எட்டுக் குடும்பங்களிடம்தான் கார் இருக்கிறது. பழைய கார்தான் ஒன்பதாவது, பத்தாவது குடும்பத்துக்கான கதவு. அதனால்தான் இந்தக் கணக்கில் தப்பு நேர்ந்தால் அடி பலமாக விழுகிறது.

இரண்டரை லட்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பழைய கார் லோனுக்கு வட்டி பொதுவாகப் புது கார் லோனைவிட அதிகம். அதனால் பல வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது. 12 சதவிகித வட்டி என்றால் வருடத்துக்கு 30,000 ரூபாய். இதில் இன்னொரு சங்கடம் உண்டு. அடகில் இருக்கும் பொருளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. அதை வைத்து வாங்கிய பொருளின் விலை இறங்கிக்கொண்டே போகிறது. வட்டி கட்ட முடியாமல் நகை மூழ்கினால், ஏறுவதைக் கொடுத்து இறங்குவதை வாங்கிய கதையாகிவிடும். பெரும்பாலும் அந்த நகை அம்மாவுடையது அல்லது மனைவியுடையது. காரின் ஆர்.சி மட்டும் வீட்டு ஆண் பெயரில் இருக்கும். நகை போட்டு வாங்கும் கார் என்றால், நகைக்காரர் பெயரிலேயே கார் இருக்கட்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

விலை குறைந்தது, ஸ்பேர் குறையவில்லை

பழைய கார் சந்தையில் மிக இனிப்பான பொறி, பெரிய கார். புதுசில் 25 லட்சம் விற்ற கார் பத்து வருடம் கழித்து ஐந்து லட்சத்துக்கு நிற்கும். 'ஸ்விஃப்ட் விலைக்கு இவ்வளவு பெரிய வண்டியா!' என்று மனம் அலைபாயும். கார் ஐந்து லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன் ஹெட்லைட்டும் சஸ்பென்ஷனும் கியர்பாக்ஸும் இன்னமும் 25 லட்ச ரூபாய் காருக்கான விலையிலேயே இருக்கின்றன. வாங்கும் சக்தியைவிடப் பராமரிக்கும் சக்தியைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

கம்பெனியின் நிலையும் விலையை மாற்றும். செவர்லே கார்களின் விற்பனையை ஜெனரல் மோட்டார்ஸ் 2017-இல் இந்தியாவில் நிறுத்தியது. சென்னை மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. வண்டி நன்றாகத்தான் ஓடும். ஆனால் ஸ்பேர் கிடைக்குமா, நாளை யார் வாங்குவார் என்ற பயத்தில் மறுவிற்பனை விலை இறங்கும். நீண்ட நாள் வைத்து ஓட்டப்போகிறவர், நல்ல மெக்கானிக் துணை உள்ளவர் என்றால் இந்த இறக்கம் அவருக்கு லாபமாகக்கூட அமையலாம்.

கௌரவமும் ஒரு செலவுதான். உலகின் மலிவான கார் என்று 2009-இல் வந்த டாடா நானோ எடுபடாமல் போனது நினைவிருக்கும். மலிவான கார் என்ற முத்திரையே அதற்குப் பாதகமாகிவிட்டது என்று ரத்தன் டாடாவே பின்னர் சொன்னார். மண்டப வாசலில் என்ன காரில் இறங்குகிறோம் என்பதும் நம் மனக்கணக்கில் இருக்கிறது. இருக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு எவ்வளவு தருகிறோம் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

எல்லோருக்கும் ஒரே மதிப்பு இல்லை

கோவைக்காரர்களுக்கு ஜி.டி.நாயுடுவின் கதை தெரியும். கலங்கல் கிராமத்துப் பையனாக இருந்தபோது, ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அந்தப் பழைய வண்டியை வாங்கினார். அதைப் பிரித்து மறுபடி பூட்டித்தான் இயந்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சி - பழனி வழித்தடத்தில் ஒரு பஸ்ஸோடு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். இன்று அவினாசி சாலையில் அவர் பெயரிலான அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை மறுநாளே விற்றிருந்தால் நஷ்டம்தான் வந்திருக்கும். அவருக்கு அதன் மதிப்பு வேறாக இருந்தது.

அதேபோல, பிரேக் ஷூவைத் தானே மாற்றத் தெரிந்தவருக்கும், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒர்க்‌ஷாப் போகிறவருக்கும் ஒரே கார் இரண்டு விலை. இரவு பதினொரு மணிக்கு மூச்சுத்திணறும் அப்புச்சியை முப்பது கிலோமீட்டர் தள்ளி கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டிய வீட்டுக்கு, கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்பது பெரிய தொகையே இல்லை. மாதம் இரண்டு தடவை ஜவுளிக்கடை போகிற வீட்டுக்கு அது அதிகம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினசரி வேலைக்குப் போய்வரப் பஸ், அவசரத்துக்கும் விசேஷத்துக்கும் வாடகை கார் என்று பிரித்தாலே பல வீடுகளில் காரின் தேவை பாதியாகக் குறையும்.

விற்பவர் கவனத்துக்கு

எங்கள் பெரியப்பா தன் காரை ஒரு கன்சல்டிங் மூலம் விற்றார். கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30 இரண்டையும் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வருடம் கழித்து, அவர் போகாத ஊர்களிலிருந்து வேக அபராதச் செய்திகள் அவர் போனுக்கு வரத் தொடங்கின. கார் இரண்டு கை மாறியிருந்தது. ஆர்.சி-யில் பெயர் மாறவே இல்லை. பெயரை மாற்ற வைக்க நான்கு மாதம் அலைந்தார்.

அபராதத்தோடு போனது நல்ல காலம். 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. உரிமையாளர் விற்ற கார் பல கை மாறி, கடைசியில் ஒரு விபத்தில் உயிர் போனது. ஆர்.சி-யில் முதல் உரிமையாளர் பெயரே இருந்ததால், சட்டத்தின் பார்வையில் அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டரை லட்சத்துக்கு விற்ற காருக்காகப் பல லட்சம் கட்ட நேரலாம் என்பதுதான் இதன் அர்த்தம்.

மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாள்களுக்குள் விற்றவர் தகவல் தர வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். டீலரிடம் கொடுக்கிறீர்கள் என்றால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காரை ஒப்படைத்ததை ஆர்.டி.ஓ-வுக்குப் பதிவு செய்ய வழி இருக்கிறது. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபாஸ்டேகை முடக்குங்கள். நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, காருடையது அல்ல. அதற்கான கடிதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வாங்கிவைத்தால் அடுத்த காருக்குப் பயன்படும்.

வாங்குபவர் கவனத்துக்கு

* காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். கறவை மாட்டைக் கறந்து பார்ப்பது மாதிரி, முதல் ஸ்டார்ட்டில்தான் உண்மை தெரியும். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

* உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். ஆயிரம், இரண்டாயிரம் கூலி கொடுத்தாலும் மொத்தக் கணக்கில் அது தூசி.

* மீட்டரை நம்பாமல், சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட் தேய்மானம் மூன்றும் கிலோமீட்டரோடு ஒத்துப்போக வேண்டும்.

* சென்னைப் பதிவு வண்டி என்றால் வெள்ளம் பார்த்த வண்டியா என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே ஏராளமான கார்கள் மூழ்கின. தரைவிரிப்புக்குக் கீழே சேறு, சீட் கம்பியில் துரு, ஏசி போட்டதும் வரும் பூஞ்சை வாடை ஆகியவை அடையாளங்கள்.

* கேரளப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியும். தடையில்லாச் சான்று (படிவம் 28), தமிழ்நாட்டு ஆயுள் வரி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள். டெல்லி வண்டிக்கும் இதேதான். அங்கே 10 வயதுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கும் 15 வயதுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளுக்கும் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் போட்ட தடையால்தான் விலை அப்படி இறங்கியது.

* அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது ஓனர், லோன் நிலுவை, இன்ஷூரன்ஸ் விவரங்கள் தெரியும். அபராத நிலுவையையும் இணையத்திலேயே பார்க்கலாம். லோன் முடிந்திருந்தால் மட்டும் போதாது, படிவம் 35 கொடுத்து ஆர்.சி-யிலிருந்து நீக்கியிருக்க வேண்டும்.

* வயதைக் கவனியுங்கள். தனியார் காரின் பதிவு 15 வருடம். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் முதல் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000. பசுமை வரி தனி.

* 2023 ஏப்ரலுக்கு முன் வந்த கார் என்றால், 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று மெக்கானிக்கிடம் கேட்டு, ரப்பர் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மைலேஜும் கொஞ்சம் குறையும். கணக்கில் சேருங்கள்.

* இன்ஷூரன்ஸை 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் கார் அடிபட்டால் உங்களுக்கு வர வேண்டிய சொந்தச் சேத இழப்பீடு சிக்கலாகும்.

கடைசியாக ஒரு தாள்

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவோம்? யார் ஓட்டுவார்? பணம் எங்கிருந்து வருகிறது? வாங்கிய மறுமாதம் 40,000 ரூபாய்க்கு ரிப்பேர் வந்தால் கையில் இருக்கிறதா? நான்காவது கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலாக இருந்தால், இரண்டரை லட்சம் பட்ஜெட்டை இரண்டாகக் குறைத்து, மீதி ஐம்பதாயிரத்தைத் தனியாக வைத்துவிட்டுக் கார் தேடுங்கள். அந்த ஐம்பதாயிரமும் காரின் விலையில் ஒரு பகுதிதான். அது விற்பவர் கைக்குப் போகாமல் உங்கள் கையிலேயே இருக்கும்.

இந்தத் தாளை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எழுதுவது நல்லது. மாதம் பத்தாயிரம் ரூபாய் எந்தச் செலவிலிருந்து குறையப்போகிறது என்று சமையலறைக் கணக்குப் பார்ப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

*அடுத்த வாரம்: ஸ்கூல் வேனா, சொந்த ஸ்கூட்டரா? ஜூன் மாதம் வருமுன் ஒரு கணக்கு.*